துணியிலே ஒரு கடல்

வேனில் விடுமுறையில் நம் வீட்டுச் சிறுவர் 2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' கார்ட்டூன் படத்தைக் கண்டு, வாசற்கதவுக்கு அப்படியொரு கடல்வளையம் வேண்டுமென்றனர்.

தேங்காய்நார்க் கயிற்றை வளையமாகச் சுற்றிக் கட்டினோம். நீலத்துணியோ, காலஞ்சென்ற அன்னையாரின் நைந்த புடவை ஒன்றே இருந்தது. கத்தரி வைக்கக் கை கூசிற்று. பெட்டியிலே பூச்சி அரிப்பதினும் பேரக்குழந்தைகளின் கண்முன் இருத்தல் நன்றெனத் துணிந்தோம்.

வெட்டுமுன் அரிசிக்கஞ்சியில் தோய்த்து உலர்த்தினால் துணியின் ஓரம் பிரியாது. டச்சுக்காரர் காலத்தில் இங்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழியினர் துணி வெளுக்கும் நம் போர்ட் கொச்சித் தோபிகானாவிலும் இன்றளவும் கஞ்சியே.

இருவிரல் அகல நாடாக்களால் வளையத்தை மூடினோம். முந்தானையைக் கீறி நெருக்கமாக முடிந்து கடற்சாமந்தி ஆக்கினோம். ஆரஞ்சுத் துணியில் பஞ்சடைத்து, மூன்று வெள்ளைப் பட்டைகள் தைத்து மீன் செய்தோம். பிற மீன்களைக் கொட்டும் கடற்சாமந்தியின் இழைகளிடையே இம்மீன் அச்சமின்றிக் குடியிருக்கும். தன் இருப்பிடத்தைக் கடிக்க வருவோரை விரட்டவும் செய்யும்.

"மீனை எங்கே வைப்பது?" என வினவினோம்.

"பாட்டி முந்தானைக்குள்ளே" என்றாள் இளையவள். அங்கேயே தைத்தோம்.

இடவப்பாதி மழைக்கு முன் கழற்றி உள்ளே வைத்திடுக. கஞ்சித்துணியில் பூசணம் பற்றும். அடுத்த வேனிலுக்கும் அது வேண்டுமன்றோ?