கொப்புளமெல்லாம் அக்கி அல்ல!

செஞ்சிக்குத் தெற்கே உள்ள மண்டகப்பட்டில், மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுப்பித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சாந்து எதுவும் இல்லாமல் அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

நம் தோலோ செங்கல் சுவர் மாதிரி. செல்கள்தான் செங்கல், அவற்றைப் பிடித்து வைக்கும் ‘டெஸ்மோக்ளின்’ என்ற புரதம்தான் சாந்து. கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் ஆள் மாறி இந்தச் சாந்தைத் தாக்கினால், செல்கள் பிரிந்து இடையே நீர் கோத்துக்கொள்ளும். இதுதான் ‘பெம்பிகஸ்’. மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் புரதம் தாக்கப்பட்டால் ‘பெம்பிகாய்டு’. இது முதியவர்களுக்கே அதிகம். மரபணு வாகு இருப்பவர்களுக்குச் சில மருந்துகளும் பெம்பிகஸைத் தூண்டலாம். இரண்டுமே தொற்றாது.

பெம்பிகஸ் பெரும்பாலும் வாய்ப்புண்ணாகத் தொடங்கும். அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக் காத்திருந்தால், உரிந்த தோல் வழியே கிருமி புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஜே.எஸ். பஸ்ரிச்சா, 28 நாளுக்கு ஒருமுறை தொடர்ந்து 3 நாள் ஸ்டீராய்டு ஏற்றும் ‘பல்ஸ்’ சிகிச்சையைக் கொண்டுவந்தார். இன்று ரிட்டுக்சிமாப் மருந்தும் இருக்கிறது.

வாரக்கணக்கில் ஆறாத வாய்ப்புண்ணா? தோல் மருத்துவரைப் பாருங்கள். கொப்புளம் வற்றிவிட்டதே என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.