ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடிக்கப் பிள்ளைகளை இருட்டில் ஏற்ற வேண்டாம்



டிசெம்பர் விடுமுறை கிட்ட வந்ததும் சோனகத் தெருவிலும் ஐந்து சந்தியிலும் வழமையான பேச்சு தொடங்கிவிட்டது. நுவரெலியா ட்ரிப். வட்ஸ்அப்பில் பெயர் சேர்க்கிறார்கள், பஸ் பேசுகிறார்கள். நல்ல விஷயம். வெயிலிலும் உப்புக் காற்றிலும் வளர்கிற நம் பிள்ளைகள், வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரை ஒரு தடவையாவது பார்க்கட்டும். புத்தளத்தில் தங்கிவிட்ட சொந்தங்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் ஏறுவது வருஷத்தில் இந்த ஒரு தடவைதான். ட்ரிப் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் போடப்படுகிற திட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். வியாழன் இஷா தொழுதுவிட்டு வெளிக்கிடுவது. வெள்ளி விடிய கண்டி. பேராதனைப் பூங்கா, ஜும்ஆ, பின்னேரம் நுவரெலியா, அங்கே ஓர் இரவு. சனிக்கிழமை ஹக்கல, அம்பேவல, கிரகரி வாவி. மஃரிபோடு மலையிறக்கம். ஞாயிறு சுபஹுக்கு ஊர். மூன்று இரவில் படுக்கை கிடைப்பது ஒரே இரவுக்கு. மற்ற இரண்டு இரவும் ஒரே சாரதியின் கண்ணை நம்பி நாற்பது, ஐம்பது உயிர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு இன்னும் 75க்கு மேல், அதுவும் ரம்பொடை வளைவுகளால். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டிசெம்பரில் வடகீழ்ப் பருவமழை, பின்னேரமானால் மூடுபனி, வீதி ஈரம். நம் சாரதிமார் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பாலத்தைத் தவிர வேறு ஏற்றமே இல்லாத ஊரில் ஓடிப் பழகியவர்கள். நீண்ட இறக்கத்தில் பஸ்ஸைக் குறைந்த கியரில் கொண்டுவர வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, தேவைப்படுகிற வளைவில் அது பிடிக்காது. இரண்டு நாள் தூங்காத மனுஷனுக்கு இது ஞாபகம் இருக்குமா?

பயங்காட்டுகிறோம் என்று சிலர் சொல்வார்கள். நடந்ததை மட்டும் எழுதுகிறோம்.

2023 ஜனவரி 20, நானுஓயா ரதல்ல. சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் ஒரு வானோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் மௌத்தானார்கள். இறந்தவர்கள் வானிலும் முச்சக்கரவண்டியிலும் தங்கள் பாட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

2025 மே 11, ரம்பொடை கெரண்டி எல்ல. கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் அதிகாலையில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாம் ஏறி இறங்குகிற அதே கண்டி - நுவரெலியா வீதி.

2025 செப்டெம்பர் 4, எல்ல - வெல்லவாய வீதி. தங்காலை நகர சபை ஊழியர்கள் குடும்பங்களோடு சுற்றுலா போய்த் திரும்பிய பஸ், இரவில். 15 பேர்.

இனி நம் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் நாமும் இப்படித்தான் போனோம். திரும்பும்போது இரவில், மலையிறக்கத்தில், பஸ்ஸுக்குள் றப்பர் கருகுகிற மணம் வந்தது. ஓரமாக நிறுத்தி, சில்லுகளுக்குத் தண்ணீர் ஊற்றி, அரை மணித்தியாலம் நின்றோம். பிள்ளைகள் நித்திரை. "டயர் சூடாகிட்டு, ஒண்டுமில்ல" என்று தாய்மாருக்குச் சொன்னோம். முன் சீற்றில் இருந்த நமக்கு உண்மை தெரியும். ஊருக்கு வந்து ஃபோட்டோ போட்டோம், இதைச் சொல்லவில்லை. அடுத்த வருஷ ட்ரிப்பைக் கெடுத்தோம் என்ற பேர் வந்துவிடும் என்று பயந்தோம். படிப்பிக்கிற ஆட்களே இப்படி வாயை மூடிக்கொண்டது பிழை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

"போன முறையும் போனோம், என்ன நடந்தது?" என்று கேட்பவர்களுக்கு, நடக்க இருந்தது அதுதான்.

"செலவு கூடும்" என்கிறார்கள். இன்னுமோர் இரவு தங்கினால் தலைக்குக் கூடுகிற காசு, ஒரு பெருநாள் உடுப்பின் விலைக்கும் வராது. ஒலிபெருக்கிக்கும் கலர் லைட்டுக்கும் கூடக் கொடுத்து பஸ் பிடிக்கிறோம். இரண்டாவது சாரதிக்குக் கொடுக்க மட்டும் கை நடுங்குகிறது.

"அல்லாஹ் பாதுகாப்பான்" என்கிறார்கள். ஆமீன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை நாம்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். பயணம் கஷ்டம் என்பதால் பயணிக்குத் தொழுகையையே சுருக்கித் தந்த மார்க்கம் இது. ஸ்டியரிங்கில் இருக்கிற மனுஷனுக்கு ஓர் இரவு நித்திரையைக் கொடுக்க நமக்கு மனமில்லை.

திட்டம் போடுகிற கூட்டத்தில் உம்மாமார் ஒருவரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பூட்டிக் கிடக்கிற கடை வாசலில், மலசலகூடம் தேடிப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிற்பது அவர்கள். ஒரு தடவை அவர்களிடம் கேட்டிருந்தால் பகல் பயணம் எப்போதோ முடிவாகியிருக்கும்.

எதற்கு இந்த அவசரம்? 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். கையில் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் போனவர்கள் நம் வாப்பா உம்மாமார். அந்த நாள் நேரத்தை வேறு ஆட்கள் குறித்தார்கள். இன்றைக்கு நேரம் நம் கையில். யாரும் துரத்தவில்லை. அப்படியிருந்தும் பிள்ளைகளை இருட்டில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறோம்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்.

1. சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிடுவோம். முதல் இரவு அக்குறணையில் தங்குவோம். ஏ9 வீதியிலேயே இருக்கிற நம் ஆட்களின் ஊர். பள்ளி, ஹலால் சாப்பாடு எல்லாம் பக்கத்தில். திரும்பும்போதும் அங்கே ஓர் இரவு.

2. மலைப் பாதையில் ஏறுவதும் இறங்குவதும் பகலில் மட்டும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு இறக்கம் இல்லை.

3. இரண்டு சாரதிகள், அதில் ஒருவர் மலை வீதி ஓடிப் பழகியவர். பஸ்ஸின் பிரேக்கையும் டயரையும் நம் ஊர் மெக்கானிக் ஒருவர் முதல் நாளே பார்க்க வேண்டும்.

4. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று கண்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால், கட்டிய முற்பணம் போனாலும் பயணத்தை ஒத்திவைப்போம்.

5. பார்க்கிற இடங்களைக் குறைப்போம். ஏழு இடம் ஓடிப் பார்ப்பதற்குப் பதில் மூன்று இடம் நின்று பார்க்கலாம். குளிர் உடுப்பு இல்லாத பிள்ளைகளுக்கு இப்போதே சேர்க்கத் தொடங்குவோம். விடியற்காலைக் குளிருக்கு பள்ளிக்கூட உடுப்பு காணாது.

இதற்கு ஒத்துவராத ட்ரிப்பில் நம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை நாம் சேர்க்க மாட்டோம். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். கருகிய மணம் வந்த அந்த இரவில் பின் சீற்றில் நித்திரையாகக் கிடந்தது உங்கள் பிள்ளைகளும்தான்.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முன்றலில் பேசுவோம். உம்மாமாரின் கருத்தையும் வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.