பென்சிலின் ஆகாதவர் யார்?

மருத்துவப் படிவங்களில் "மருந்து ஒவ்வாமை உண்டா?" என்றொரு கேள்வி இருக்கும். "உண்டு" என்று ஒருமுறை எழுதிவிட்டால் அச்சொல் வாழ்நாள் முழுதும் நம்மைத் தொடரும். அதைச் சோதித்தறியாமல் சுமப்பது கூடாதென்பதே என் கருத்து.

என் ஊர் திருப்புறம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எல்லைப்புறச் சிற்றூர். 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எங்கள் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் காய்ச்சலுக்கு எல்லை ஏது? ஒருமுறை நெய்யாற்றின்கரைக்குப் போவோம், மறுமுறை மார்த்தாண்டத்துக்கு. மருந்துச் சீட்டுகள் தொலைந்துபோகும். வாய்ச்சொல் மட்டும் நிலைத்துவிடும். நான்கு வயதில் காய்ச்சல் மருந்து உண்டபோது என் உடம்பில் தடிப்புக் கண்டதாம். "இவனுக்குப் பென்சிலின் ஆகாது" என்று அம்மா தமிழிலும் மலையாளத்திலும் சொல்லிவந்தார். எந்த மருந்து, எத்தனையாம் நாளில் தடித்தது என்று கேட்டவர் எவருமில்லை.

உண்மையான ஒவ்வாமை விளையாட்டன்று. மருந்து புகுந்த சில நிமிடங்களில் மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிரே போகலாம். அப்போது காப்பது அட்ரினலின் ஊசி. எனினும், பென்சிலின் ஆகாதெனக் குறிக்கப்பட்டோரை முறையாகச் சோதித்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அம்மருந்தை ஏற்பதைப் பல நாட்டு மருத்துவர்கள் கண்டுள்ளனர். காரணம் என்ன? குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலே தடிப்பை உண்டாக்கும். பழி மருந்தின்மேல் விழும். மெய்யாகவே ஒவ்வாமை இருந்தவரிலும் பெரும்பாலோர்க்குப் பத்தாண்டுகளில் அது நீங்கிவிடுகிறது.

"வேறு மருந்தா இல்லை?" என்பீர்கள். உண்டு, பலவற்றின் விலையும் மிகுதி, கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக்கும் ஆபத்தும் மிகுதி. அந்த ஆபத்தை எதிர்க்கவே கேரளம் 2018-இல் தனித் திட்டம் வகுத்தது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதான இளைஞர்க்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசியே அரண். அவரிடமிருந்து ஒரு வதந்தி அம்மருந்தைப் பறிக்கலாமா?

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் நான் சோதனை செய்துகொண்டேன். முதலில் நடந்தது விசாரணை. பின்னர் முன்கையில் துளி மருந்திட்டு ஊசிமுனையால் கீறினர். அடுத்துத் தோலுக்குள் சிறிது ஏற்றினர். தடிப்பு எழாததால் அமாக்சிசிலின் உண்ணத் தந்து, அருகிலிருந்து கவனித்தனர். ஒன்றும் நேரவில்லை. ஊசிக்கு முன் அவசரமாகப் பார்க்கும் "டெஸ்ட் டோஸ்" வேறு, இச்சோதனை வேறு. வீட்டில் தாமே மாத்திரை விழுங்கிப் பார்ப்பது பேராபத்து. முன்பு தோல் உரிந்து வாய் புண்ணாகியவர்க்கு அம்மருந்தை மீண்டும் தரவே கூடாது.

அம்மா இன்னும் முழுதும் நம்பவில்லை. மருத்துவர் எழுதித் தந்த சீட்டே என் சாட்சி. ஆகவே நான் வேண்டுவன இரண்டு. படிவத்தில் "உண்டா, இல்லையா" என்பதோடு நில்லாமல், எந்த மருந்து, எப்போது, என்ன நேர்ந்தது, எவ்வளவு நேரத்தில் என்ற நான்கையும் பல்கலைக்கழகம் கேட்கட்டும். ஐயமுள்ள தோழர்கள் உடல் நலமாயிருக்கும் இந்நாளிலேயே ஒவ்வாமை மருத்துவரை நாடட்டும். நள்ளிரவுக் காய்ச்சலில் ஆராய நேரமிராது!