பரணில் படுக்கும் மனிதர்கள்

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைகளில் இன்றும் பரண் கட்டுகிறார்கள். யானை இறங்கும் இரவுகளில் அதன்மேல் விழித்திருப்பவன் தன் சொந்தத் தானியத்தைக் காக்கிறான். வீட்டுக்குள்ளே பரண் என்றால் அண்டா, பழைய டிரங்குப் பெட்டி, பொங்கலுக்குப் பொங்கல் கீழிறங்கும் பானை. இவ்விரண்டு பொருளோடு ஓசூர் மூன்றாவதொன்றையும் சேர்த்துவிட்டது: ஷிப்டு முடிந்த தொழிலாளி படுக்கும் இடம்.

மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி, ஜூஜூவாடித் தெருக்களில் சற்றே அண்ணாந்து பாருங்கள். மொட்டை மாடியில் ஹாலோபிளாக் சுவர், மேலே சிமெண்ட் ஷீட் அல்லது தகரம், ஏறி இறங்க ஒரே ஓர் இரும்புப்படி. இதனை வீட்டுக்காரரின் சாமர்த்தியம் என்றும், எளியவனுக்கு எட்டும் வாடகை என்றும் மெச்சுவோர் நம்மிடையே உளர். நான் இதை மனிதர்களை அண்டாவாக எண்ணும் வழக்கம் என்பேன்.

ஓசூர் குளிர்ச்சியான ஊர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் என்று அவர்கள் நினைவூட்டக்கூடும். இரவு ஷிப்டுக்காரன் உறங்குவது நண்பகலில். சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு இரண்டு முழம் கீழே தலைவைத்துப் படுப்பவனுக்கு ஊரின் உயரம் என்ன செய்யும்? மார்கழியில் அதே ஷீட் இரவெல்லாம் வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்ந்துபோக, உள்ளே உறங்குவோரின் மூச்சு நீராகத் திரண்டு பாயில் சொட்டும். ஷீட் ஆஸ்பெஸ்டாஸ் எனில் இன்னொரு கேடும் உண்டு. அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. துளையிடும்போதும் உடையும்போதும் பறக்கும் இழை கண்ணுக்குத் தெரியாது.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. தேசியக் கட்டிட விதித்தொகுப்பின்படி மனிதர் வாழும் அறை 2.75 மீட்டர் உயரம் வேண்டும். சரிவுக்கூரையானால் சராசரி உயரம் அவ்வளவு. ஒற்றை அறையே வீடு என்றால் 9.5 சதுர மீட்டர் பரப்பு. பரண் என்பதற்கு அதே தொகுப்பு 1.5 மீட்டருக்கு மிகாத உயரம் வைத்து, பண்டங்கள் வைப்பதற்கு என்று இலக்கணமும் எழுதியிருக்கிறது. இங்கிலாந்தின் கடற்கரை நகரங்களிலும் கூரைக்குள் அறை சமைக்கிறார்கள். சரிவைக் கிழித்து ‘டார்மர்’ என்னும் சாளரத்தை எழுப்பி நிற்கும் உயரம் பெறுகிறார்கள். ஆனால் இரண்டடுக்கு வீடு அவ்வாறு மூன்றடுக்காகும்போது, தீப்பிடித்தால் இறங்கும் படிக்கட்டுக்கு நெருப்புத் தாங்கும் கதவுகள் உண்டா என்று அங்கே முதலில் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தமிழருக்கு இங்கிலாந்து வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் மாடிக் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். கீற்றை அகற்றினோம், குறுகிய படிக்கட்டை மறந்தோம்.

வீட்டுக்காரரை மட்டும் ஏசுவது எளிது. வங்கிக் கடனுக்கு மேல்வாடகையை நம்பியிருப்பவர் அவர். எண்பதுகளில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்த நாள்தொட்டு ஊருக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. இன்று பெருநிறுவனங்கள் தம் ஊழியருக்குச் சில விடுதிகள் கட்டினாலும், ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் ஒடிசா, பீகார் இளைஞர்களும் சிறுபட்டறைக்காரர்களும் மாடியேற வேண்டியவர்களே. வெளிமாநிலத் தொழிலாளர்க்குத் தக்க இருப்பிடம் தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியிருந்தது. அந்தச் செலவுதான் ஓசைப்படாமல் ஓசூரின் கூரைகளுக்கு ஏறிவிட்டது.

கெடுபிடி செய்தால் வாடகை உயரும், ஏழை தெருவுக்கு வருவான் என்பது வழக்கமான பதில். வாடகை உயரட்டும்; ஆளை அழைத்துவந்தவர் கொடுக்கட்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்துபூர்வ ஒப்பந்தம் கோருகிறது. அதில் வாடகைதாரர் என்ற இடத்தில் ஒப்பந்தக்காரரின் கையொப்பம் இருக்கட்டுமே! பெண்கள் விடுதிக்கு உரிமம் வேண்டும் என்கிறது 2014-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் கண் ஆண்கள்மீது படுவதில்லை. (ஆண்பிள்ளை எங்கும் படுப்பான் என்ற பழைய எண்ணம்தான், வேறென்ன?)

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சிப்காட் கட்டியதே அது. ஆகவே முடியாது என்று சொல்ல வழியில்லை. சிறுபட்டறைக்காரனுக்கும் அப்படியொரு கட்டில் கிடைக்கும்வரை, 2019 முதல் மாநகராட்சியாகிவிட்ட ஓசூர் ஒவ்வொரு ஷீட் அறையையும் ஏறிப் பார்க்கட்டும்: இரண்டாவது படி, திறக்கும் சன்னல், ஷீட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் உள்கூரை. பார்வையிடப் போவோர் பிற்பகல் இரண்டு மணிக்குப் போவது நலம். அப்போதுதான் உள்ளே ஆள் உறங்கிக்கொண்டிருப்பான்.