ஒரு செல்லுன்னா இளக்காரமா?

ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு மக்களே, அதனால ஒரு சண்டை :-)

"மலேரியா கிருமி வெறும் ஒரு செல் ஜந்து. அதோட மொத்த கோடையும் படிச்சாச்சு. இன்னும் ஒழிக்க முடியலைன்னா விஞ்ஞானிகள் என்னத்தைக் கிழிக்கிறாங்க?" இந்த ரகப் பேச்சை நம்ம மென்பொருள் மக்கள் வாயிலதான் அதிகம் கேட்கிறேன். எரிச்சலா வருது.

படிச்சது உண்மை. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் மரபணுத் தொகுப்பு 2002-ல் வெளிவந்தது. 14 குரோமோசோம், சுமார் 5,300 மரபணுக்கள். ஆனா எந்த மரபணு எப்போ ஆர்என்ஏ-வாகப் படியெடுக்கப்படுது, யார் அதை முடுக்கறாங்கங்கிறது அதுல எழுதி ஒட்டியிருக்காது. சோர்ஸ் கோடு கையில இருந்தாலே போதும்னு சொல்றவர் பழைய புராஜெக்ட் எதையும் மெயின்டெனன்ஸுக்கு வாங்கினதே இல்லைன்னு அர்த்தம்.

அந்தத் தொகுப்பில் மரபணுக்களை முடுக்கும் புரதங்களைத் தேடினாங்க. நம்ம உடம்பிலும் ஈஸ்ட்டிலும் பார்த்துப் பழகிய வகைகள் ரொம்பக் கம்மியா இருந்தது. உடனே, இதுக்குப் படியெடுப்பில் பெரிசா கட்டுப்பாடே இல்லையோன்னு ஒரு சந்தேகம். ஆனா 2003-லேயே வேற படம் தெரிஞ்சது: சிவப்பணுவுக்குள்ள நடக்கும் 48 மணி நேரச் சுழற்சியில் பெரும்பாலான மரபணுக்கள் ரிலே ஓட்டம் மாதிரி வரிசையா, தன் முறை வரும்போது ஏறி இறங்குது. முடுக்கறவன் இல்லாமலா இது நடக்கும்?

2005-ல் அரவிந்த், பாலாஜி, மதன் பாபு, லக்ஷ்மிநாராயண் ஐயர் நாலு பேரும் கணினியில் புரத வரிசைகளை ஒப்பிட்டே ஆளைப் பிடிச்சாங்க. தாவரங்களில் தெரிஞ்ச ஏபி2 வகை! மலேரியா கிருமியில் இருபத்தைந்துக்கு மேல. கிருமி எதையும் ஒளிச்சு வைக்கலை சாமி, நாமதான் நம்ம மூஞ்சியையே அதுல தேடிட்டு இருந்தோம்.

சரி, கட்டுப்பாட்டோட அழகைப் பாருங்க. 'வார்'னு ஒரு மரபணுக் குடும்பம், சுமார் 60 பேர். ஒரு நேரத்தில் ஒண்ணே ஒண்ணுதான் வேலை செய்யும். மத்ததெல்லாம் உட்கருவின் ஓரத்தில் ஹெச்பி1 என்ற புரதத்தோட இறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்த ஒண்ணு செய்யும் புரதம் சிவப்பணுவின் மேல வந்து நின்னு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கும், மண்ணீரலுக்குப் போய் அழியாமத் தப்பிக்க. நம்ம எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் கண்டு அடிக்கும்போது, ஏற்கெனவே வேற 'வார்'க்கு மாறின சில கிருமிகள் தப்பிச்சுப் பெருகும். அந்த ஒட்டல் மூளைக் குழாய்களில் நடந்தா குழந்தை கோமாவுக்குப் போகும். 2023-ல் மட்டும் மலேரியாவில் செத்தவங்க கிட்டத்தட்ட 6 லட்சம் பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் சின்னக் குழந்தைகள். ஒரு செல் ஜந்தாம்!

இன்னொண்ணு. கிருமி கொசுவுக்குள்ள போய்ப் பரவணும்னா ஆண், பெண் வடிவமா மாறணும். அந்த மாற்றத்துக்கு ஏபி2-ஜி என்ற ஒரே முடுக்கி அவசியம்னு 2014-ல் தெரிஞ்சது. அது கெட்டுப்போன கிருமியால அந்த வடிவங்களைச் செய்யவே முடியலை. வழக்கமா அந்த மரபணுவும் ஹெச்பி1-ஆல் பூட்டித்தான் கிடக்கு. ரத்தத்தில் ஒரு கொழுப்புப் பொருள் குறைஞ்சா இப்படி மாறும் கிருமிகள் அதிகமாகுதுன்னு 2017-ல் கண்டுபிடிச்சாங்க. அதாவது, சாப்பாட்டு நிலவரம் பார்த்து ஊரை விட்டுக் கிளம்பற முடிவை எடுக்குது.

"என்னத்தைக் கிழிச்சாங்க"ன்னு கேட்டவர் பின்னூட்டத்துக்கு வரலாம். ராத்திரி வரைக்கும் இங்கதான் இருப்பேன்.