அம்மாவின் யன்னலும் என் ஆயிரம் சொற்களும்

கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் யாராவது ஒரு மாமா கட்டாயம் கேட்பார்: "என்ன பிள்ளை, இன்னும் அந்தக் காதல் புத்தகங்கள்தான் எழுதுறீரோ?" "ஓம் மாமா" என்று சொல்லிப்போட்டு, வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். பக்கத்தில் நின்ற மாமி மட்டும் பிறகு தனியாக வந்து, அடுத்தது எப்ப வருது என்று மெல்லக் கேட்பா.

ஓம், அந்தப் புத்தகங்கள்தான். இங்கிலிஷில், வேறு பெயரில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50,000 சொல், வருசத்துக்கு இரண்டு. பணக்காரி ஆகிறதுக்கு இதில் வழியில்லை, வீட்டுக் கடனில் ஒரு பங்கு கழியும், அவ்வளவுதான். ஆட்கள் நினைக்கிற மாதிரி மெழுகுதிரியும் ரோசாப்பூவும் கிடையாது. ஹரோவில் எங்கட வீட்டு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் அயர்ன் பண்ணாத உடுப்பு, மற்றப் பக்கம் மகனுக்கு அளவில்லாமல் போன சைக்கிள். காலை ஐந்தரைக்குக் கம்பளிச் சொக்ஸோடு போய் இருந்தால் கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டு காதலைச் சொல்ல ஆயத்தமாவான். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து "அம்மா, என்ர சப்பாத்து எங்க?" என்று சத்தம் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒன்பதரைக்கு இரண்டாம் சுற்று. நாளைக்கு ஆயிரம் சொல். அது முடியுமட்டும் யன்னல் பக்கம் திரும்பக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவளும் நான், மீறுகிறவளும் நான்.

மீறாமல் என்ன செய்கிறது? யன்னலுக்கு வெளியே நடக்கிறது என் தொழிலோடு சம்பந்தப்பட்ட விசயம். ராபினை எடுங்கள். கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளில் எவ்வளவு சாதுவாக நிற்கும்! குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி எல்லை போட்டுக்கொண்டு, இரண்டும் பாடிப் பாடி மற்றதைத் துரத்தும். தை மாதம் வாக்கில் பெண் ராபின் ஆணின் எல்லைக்குள் வரும். அவர் முதலில் சண்டைக்குத்தான் போவார். அது போகாமல் நின்று நின்று, கடைசியில் இரண்டும் சோடி. மோதலில் தொடங்கிக் காதலில் முடிகிற கதைக்கு வாசகிகள் காசு கொடுக்கிறார்கள். என் வளவில் வருசா வருசம் இலவசம்.

இந்தப் பறவைகளைக் கொண்டு வந்தது நானில்லை, அம்மா. அப்பா போய் மூன்று வருசம். ஈஸ்ட் ஹாம் வீட்டை விற்றுப்போட்டு அவ எங்களோடு வந்தா. அங்கே வாசலைத் தாண்டினால் மரக்கறிக் கடை, நாலு எட்டு வைத்தால் கோயில், வழியில் மறித்துக் கதைக்கப் பத்துப் பேர். இங்கே எங்கள் தெருவில் கார்களுக்குத்தான் ஆட்களைத் தெரியும். வந்த முதல் சனிக்கிழமையே மதில் மேல் ஒரு கோப்பையில் காகத்துக்குச் சோறு வைத்தா. காகம் வருமுன்னம் காட்டுப்புறா வந்து முடித்துவிட்டது. "பரவாயில்லை, அதுக்கும் வயிறுதானே" என்று சொல்லி அடுத்த நாளும் வைத்தா. சோறு மிஞ்சினால் எலி வந்துவிடும் என்று பயந்து நான் இரண்டு ஃபீடர் வாங்கி மாட்டினேன். ஒன்றில் சூரியகாந்திப் பருப்பு, மற்றதில் உப்பில்லாத கச்சான்.

ஒரு மாதத்துக்குள் அம்மாவின் கதிரை குசினி யன்னலுக்குப் பக்கத்தில் நிரந்தரமாகிவிட்டது. தோட்டத்துக்கு வருகிற எல்லாவற்றுக்கும் அவ ஊர்ப்பெயர் வைத்தா. கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிற லோங் டெய்ல்ட் டிட் 'புலுனி'. ஸ்டார்லிங் 'மைனா'. இதில் அவ சரி, இரண்டும் ஒரே குடும்பம். பச்சைக்கிளிக்குப் பெயர் வைக்கத் தேவையே இல்லை. லண்டனில் கத்திக்கொண்டு திரிகிற கிளியும் ஊரில் மொட்டைப் பனைப் பொந்தில் குஞ்சு பொரிக்கிற கிளியும் ஒரே இனம். "இதுவும் எங்களை மாதிரி வந்து சேர்ந்திட்டுது" என்பா.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயசு. அம்மம்மாவுக்கும் அவவுக்கும் பொதுவாகக் கதைக்க ஒன்றும் இல்லையே என்று நான் கவலைப்பட்ட காலம் உண்டு. ஒருத்தியின் தமிழ் ஓடும், மற்றவவின் தமிழ் நொண்டும். பறவைகள் வந்த பிறகு எனக்கு எதிராக இரண்டு பேரும் ஒரு கட்சி.

போன வருசம் சித்திரை மாதம் ஒரு நாள், மகள் டன்னொக்கைப் பற்றி வாசித்துக் காட்டினா. மண்ணிறத்தில், ஊர்க்குருவி மாதிரி, பற்றைக்குள் பதுங்கித் திரிகிற சின்னப் பறவை. 19ஆம் நூற்றாண்டில் மொரிஸ் என்ற பாதிரியார், எளிமையாக உடுக்கவும் அடக்கமாக நடக்கவும் இந்தப் பறவையைப் பாருங்கள் என்று எழுதிவைத்தார். பிறகு நிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் உட்கார்ந்து வருசக்கணக்காகக் கவனித்தார். பார்த்தால், பல பெண் டன்னொக்குகளுக்கு இரண்டு ஆண்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரைப் பற்றைக்குள் சந்திக்கும். அப்படிச் செய்தால் குஞ்சுகளுக்கு இரண்டு பேரும் இரை கொண்டு வருவார்கள்.

மகள் இதைத் தமிழில் சொல்லி முடிக்கப் பட்ட பாடு தனிக்கதை. நான் அடுப்பில் எதையோ தேடுகிற மாதிரி நின்றேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "கெட்டிக்காரி. பிள்ளையளுக்குச் சாப்பாடு வேணுமே" என்றா.

அம்மாவுக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. ஆனால் ரமணிசந்திரன் நாவல்களை வரிசையாக வாசித்தவ, ஆகவே என் துறையில் அவவுக்கு அதிகாரம் உண்டு. நான் எழுதுகிறதை மகள் கதையாகச் சொல்லிக் காட்டினால் இவ தீர்ப்புச் சொல்லுவா. போன புத்தகத்துக்கு வந்த தீர்ப்பு: "அந்தப் பெடியனுக்கு வேலை வெட்டி ஒண்டும் இல்லையோ? எந்த நேரமும் மழையுக்க நிக்கிறான்."

இனி இந்த வருசத் தை மாதத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தை 31ஆம் திகதி புத்தகம் கொடுக்க வேண்டும். பதினையாயிரம் சொல் பாக்கி. ஃபீடரைக் கிழமைக்கு ஒருக்கா கழுவ வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு முன்னம் கழுவினது. அம்மாவின் மணிக்கட்டில் வாதம், அவவால் தேய்க்க முடியாது. இரண்டு தரம் சொன்னா, "பிள்ளை, அந்தக் குழாய் ஊத்தையாக் கிடக்கு." இரண்டு தரமும் நான் "நாளைக்கு அம்மா" என்றேன்.

இரண்டாம் கிழமையில் ஒரு கிறீன்ஃபிஞ்ச் ஃபீடரடியில் பந்து மாதிரி உப்பிக்கொண்டு இருந்தது. இலைப்பச்சை உடம்பு, செட்டையில் மஞ்சள் கோடு. கிட்டப் போயும் பறக்கவில்லை. சொண்டைச் சுற்றி ஈரம், விழுங்க முடியாமல் ஒட்டியிருந்த விதைத்துகள். அடுத்த நாள் காலை அதே இடத்தில் செத்துக் கிடந்தது.

ட்ரைக்கொமோனொசிஸ் என்று ஒரு வருத்தம். தொண்டையில் வருகிற கிருமி. நோயுள்ள பறவையின் எச்சில் பட்ட தீனிலும் தண்ணீரிலும் மற்றதுக்குத் தொற்றும். இந்த நாட்டில் ஃபிஞ்சுகளில் 2005இல் முதலில் கண்டார்கள். ஒரு காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் நின்ற கிறீன்ஃபிஞ்ச், 2021இல் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. என் ஃபீடரால்தான் அது செத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, வேறு தோட்டத்தில் தொற்றியிருக்கலாம். ஆனாலும் அந்தக் குழாயின் அடியில் புளித்துக் கிடந்ததைச் சுரண்டின கை என்னுடையது.

நோய்ப் பறவையைக் கண்டால் தீன் வைப்பதை உடனே நிறுத்தவேண்டும். குறைந்தது இரண்டு கிழமை. பறவைகள் கூடாமல் கலைந்து போகட்டும் என்பதுதான் நோக்கம். ஃபீடர்களைக் கழற்றி, கிருமிநாசினியில் ஊறப்போட்டு, காயவைத்துக் கொட்டிலுக்குள் பூட்டினேன். அன்றைக்கு ஆயிரம் சொல்லும் எழுதி முடித்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அம்மாவின் யன்னல் வெறுமையானது. அவ குறை சொல்லவில்லை. ஆனால் மேலே வரத் தொடங்கினா. தேத்தண்ணி வேணுமோ. தபால்காரர் வந்திட்டாரோ. வாற கிழமை ஏகாதசி எப்ப. முழங்கால் நோவோடு ஒவ்வொரு தரமும் பதின்மூன்று படி. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கதவு திறந்த சத்தத்துக்கு நான் திரும்பாமலே, "அம்மா, நான் வேலை செய்யிறன். விளையாடேல்லை" என்றேன். என் பிள்ளைகளோடுகூட அந்தக் குரலில் நான் கதைத்ததில்லை.

அவ "ஓம் ஓம், எழுது" என்று சொல்லிக் கதவைச் சாத்திப்போட்டுப் போனா. பிறகு வரவில்லை. பதினொரு மணிக்கு நான் கீழே போனபோது அதே கதிரையில் இருந்தா. வெளியே வெறும் கம்பி. "ஒண்டும் வரேல்லை" என்றா, என்னவோ நான் கேட்ட மாதிரி. நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். அந்த அத்தியாயத்தில்தான் என் கதாநாயகி தன் தாயிடம் மன்னிப்புக் கேட்கிறாள். வாசிக்கிறவர்கள் அழுவார்கள் என்று நினைக்கிறேன்.

தை மாதக் கடைசி வார இறுதியில் இங்கே பிக் கார்டன் பேர்ட்வாட்ச் நடக்கும். ஆர்.எஸ்.பி.பி. 1979இலிருந்து நடத்துகிற கணக்கெடுப்பு. ஒரு மணித்தியாலம் இருந்து, தோட்டத்தில் வந்து இறங்குகிற பறவைகளை எண்ணி அனுப்ப வேண்டும். பிள்ளைகளோடு செய்ய நல்ல விசயம், காசும் தேவையில்லை. தீன் இல்லாமல் என்னத்தை எண்ணுகிறது, இந்த வருசம் விடுவோம் என்றேன். மகள் கேட்கவில்லை. ஒன்றும் வராவிட்டால் அதையும் அனுப்பத்தான் வேண்டும், அதுவும் ஒரு தகவல் என்றா.

சனிக்கிழமை பத்து மணி. மூன்று கதிரை. என்னுடைய தொலைபேசி மேலே. முதல் இருபது நிமிசத்தில் ஒரு ராபின், ஒரு டன்னொக், இரண்டு காட்டுப்புறா. ஐந்து கிளிகள் கத்திக்கொண்டு மேலால் போயின. பறந்து போகிறது கணக்கில்லை என்று மகள் சொல்ல, "எங்கட கிளியைச் சேர்க்காமல் என்ன கணக்கு?" என்று அம்மா வாதாடினா. ஒரே நேரத்தில் எத்தனை நிற்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும் என்பதும் அவவுக்குப் பிடிக்கவில்லை. "ஒரே புறா பத்துத்தரம் வந்தா, பத்து எண்டு எழுதினால் பொய் அல்லோ அம்மம்மா?"

அப்போது பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் ஒரு காகம் இருந்து கரைந்தது. இறங்கவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "உங்கட அப்பப்பாவுக்கு, சீ, அம்மப்பாவுக்கு, காகம்தான் தபால்காரன்" என்றா.

அப்பா 1984இல் லண்டனுக்கு வந்தார். அம்மாவும் நானும் 1988இல். நடுவில் கரவெட்டி வீட்டில் நாங்கள் இரண்டு பேரும். நாலு வருசமும் அம்மா கிணத்தடி வேலியில் காகத்துக்கு முதல் பிடி சோறு வைத்து, "இண்டைக்குக் கடிதம் வருமெண்டால் எழும்பிப் பற" என்று கேட்பாவாம். பறந்தால் பின்னேரம் வரை படலையைப் பார்த்துக்கொண்டிருப்பா. பறக்காவிட்டால், அது காது கேளாத காகம் என்று விட்டுவிடுவா. சண்டை மூண்ட நேரங்களில் மாதக்கணக்காக ஒன்றும் வராது. பிறகு மூன்று கடிதம் ஒன்றாக வரும்.

எங்கட புலவர்கள் கிளியைத் தூதுவிட்டார்கள், நாரையைத் தூதுவிட்டார்கள் என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். காதல் எழுதிப் பிழைக்கிறவள். இதை நாற்பத்து நாலு வயசில், ஒரு புறாக் கணக்குக்கு நடுவில்தான் கேட்கிறேன்.

"கடிதத்தில என்ன எழுதியிருந்தவர்?" என்று மகள் கேட்டா.

"குளிர் எண்டு இருக்கும். காசு அனுப்பினது எண்டு இருக்கும். கடைசியில, பிள்ளைக்கு முத்தம் எண்டு இருக்கும்."

"உங்களுக்கு?"

"எனக்கு என்னத்துக்கு? கடிதமே எனக்குத்தானே."

என் கை பேனாவைத் தேடினதை அம்மா கண்டுவிட்டா. "உன்ர இங்கிலிஷ் புத்தகத்தில இதைப் போட்டிடாத. ஒருத்தரும் மழையில நிக்கேல்லை."

"தமிழில எழுதினால்?"

யோசித்தா. "தமிழில எண்டால் நான் வாசிப்பன். பிழை விட்டால் சொல்லுவன்."

பதினொரு மணிக்குக் கணக்கை அனுப்பினோம். ராபின் 1, டன்னொக் 1, காட்டுப்புறா 2, பிளக்பேர்ட் 2, மெக்பை 1.

புத்தகம் பதினொரு நாள் பிந்தித்தான் போனது. மழைக் காட்சியை எடுத்துவிட்டேன், அம்மா சொன்னது சரி. ஃபீடர்கள் மாசி நடுவில் திரும்ப ஏறின. முதல் கோல்ட்ஃபிஞ்ச் வர ஒன்பது நாள் பிடித்தது. ஞாயிறு காலையில் வாளியும் பிரஷும் கையுறையுமாக நானும் மகளும் கழுவுவோம், அம்மா கதிரையிலிருந்து மேற்பார்வை. கிழமை நாட்களில் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நான் கீழே, அந்த இரண்டாவது கதிரையில். சில நாள் எழுநூறு சொல்லோடு சரி. கதவை அரைவாசி திறந்துதான் வைக்கிறேன். அவ இன்னும் படியேறி வரத் தொடங்கவில்லை.

இதை அனுப்புமுன்னம் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு முழுவதும் வாசித்தா. இரண்டு திருத்தம். காகத்துக்கு வைக்கிற சோற்றுக்கு உப்புப் போடுறேல்லை, அதை எழுதாவிட்டால் படிச்ச சனம் உப்புச் சோறு வைக்கும். மற்றது, நாலு வருசமில்லை. மூன்று வருசமும் எட்டு மாசமும்.