தாடையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதலாமா?

ஆழ்கடல் பற்றிய கருத்தரங்குகளில் ஒரு படம் தவறாமல் திரையில் தோன்றும். பிளந்த வாய், ஊசிப் பற்கள், கன்னங்கரிய உடல். கீழே "ஆழ்கடல் அரக்கன்" என்ற தலைப்பு. அவையினர் வியப்பர். அந்த மீனின் நீளம் எவ்வளவு, அது எதை உண்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

டிராகன் மீன்கள் எனப்படும் ஸ்டோமிடே குடும்பத்தில் ஏறத்தாழ 300 சிற்றினங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஒரு முழத்துக்கும் குறைவானவை. இக்குடும்பத்தின் மலகாஸ்டியஸ் மீனுக்குத் தாடையின் அடித்தளத்தில் தோலே இல்லை. பேரிரைக்கென்றே அமைந்த வாய் என்றுதான் எவரும் கருதுவர். ஆனால் அதன் வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் கண்டவை கோபிபாடுகள் எனும் சின்னஞ்சிறு மிதவை உயிரிகளே. பிற ஆழ்கடல் உயிர்களில் பெரும்பாலானவற்றின் கண்ணுக்குப் புலப்படாத செவ்வொளியை இம்மீன் உமிழ்கிறது, காணவும் செய்கிறது. அதற்கு உதவும் நிறமி பச்சையத்திலிருந்து பெறப்பட்டது என 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. விலங்குகள் பச்சையத்தை உருவாக்குவதில்லை; ஆகவே அது உணவின் வழியே வந்திருத்தல் வேண்டும். தாடையை மட்டும் பார்த்திருந்தால் இக்கேள்விக்கே இடமிருந்திராது.

இந்தியாவுக்கு இத்துறையில் நெடிய மரபு உண்டு. இன்வெஸ்டிகேட்டர் கப்பல் திரட்டிய ஆழ்கடல் மீன்களுக்கு ஆல்காக் 1899இல் கல்கத்தாவிலிருந்து விளக்கப் பட்டியல் வெளியிட்டார். இன்றோ, 2021இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் மதிப்பு 4,077 கோடி ரூபாய். 6,000 மீட்டர் ஆழத்துக்கு மனிதரை அனுப்பும் கலம் தேவைதான்; மறுக்கவில்லை. ஆயினும் மீனை இனங்கண்டு, அதன் வயிற்றில் உள்ளதை எண்ணிப் பதிவு செய்யும் வகைப்பாட்டியலாளருக்கு நிலையான பணியிடம் எங்கே? கட்டுரை எண்ணிக்கையால் தகுதியை அளக்கும் முறையில், மெதுவான இப்பணியை எந்த மாணவர் துணிந்து ஏற்பார்?

இது வெறும் ஏட்டுக் கவலையன்று. அரபிக்கடலின் லாந்தர் மீன்களைப் பெருமளவில் பிடித்து மீன்தூள் ஆக்கலாம் என்ற யோசனை நெடுநாளாகவே உள்ளது. டிராகன் மீன்கள் பலவற்றுக்கும் அவையே இரை. உண்பவை எவை, எவ்வளவு உண்கின்றன என்று அறியாமல் எவ்வளவு பிடிக்கலாம் என்று வரையறுப்பது எவ்வாறு?

கொல்லம் கடற்பகுதியில் ஆழ்கடல் இறால் பிடிக்கும் இழுவலைகளில் சிக்கிக் கழிசலாக ஒதுக்கப்படும் மீன்களிலிருந்தே நாம் தொடங்கலாம். அடுத்த முறை அப்படத்தைத் திரையிடும் நண்பர்கள் அளவுகோலையும் உடன் காட்டுங்கள்; வயிற்றில் இருந்தது என்ன என்பதையும் சொல்லுங்கள். தெரியாவிடில், தெரியாது என்றே எழுதுங்கள்.